முழங்கால் மடிந்தது, முகங்கள் சிவந்தன!

இரவைப் பகலாக்கும் விளக்குகள். பல்லாயிரவர் கூடியிருக்கும் விளையாட்டுத் திடல். நாட்டுப்பண் ஒலிக்கத் தொடங்குகிறது. நெஞ்சிலே கை வைத்து எழுந்து நிற்கிறது கூட்டம். நிமிர்ந்து நிற்கும் அத்தனை உடல்களுக்கிடையே, ஓர் இளைஞன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றித் தலையைச் சற்றே தாழ்த்தியிருக்கிறான். அவனைத் தனியே விட மனமில்லாத தோழன் ஒருவன் அருகே அவ்வாறே மண்டியிடுகிறான். வசைச்சொல் ஒன்று கூறினானில்லை. கொடியைக் கிழித்தானில்லை. கல்லெறிந்தானில்லை. பண் முடிந்தது, எழுந்தான், ஆடப்போனான்.

முழங்கால் மடிந்தது, அவ்வளவே! முகங்கள் சிவந்தன, நாடெங்கும்!

கதையன்று, தோழர்களே! 2016ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாளிரவு, அமெரிக்க நாட்டின் சான் டியாகோ நகரில் நடந்தது இது. மண்டியிட்டவர் பெயர் கோலின் கேப்பர்னிக். அருகே மண்டியிட்ட தோழர் எரிக் ரீட். இருவரும் சான் பிரான்சிஸ்கோ அணியினர். ஆட்டத்தின் பெயர் கால்பந்து. ஆனால் அந்நாட்டுக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே மிகுதி. பெயருக்கும் பொருளுக்கும் தொடர்பில்லாமை அங்கே புதிதன்று. மாந்தர் யாவரும் சமம் என்று 1776இல் சாசனம் தீட்டிய ஜெஃபர்சன், அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்திய சீமான்தானே!

ஏன் மண்டியிட்டார் கேப்பர்னிக்? ஒளிவுமறைவின்றி அவரே கூறினார். கருப்பரை ஒடுக்கும் நாட்டின் கொடிமுன் பெருமிதத்தோடு எழுந்து நிற்கத் தம்மால் இயலாது என்றார். அதற்கு இரண்டு திங்களுக்கு முன்புதான், ஜூலை 5ஆம் நாள் லூசியானா மாநிலத்திலும், மறுநாள் மின்னசோட்டா மாநிலத்திலும், இரு கருப்பர்கள் காவலரின் துப்பாக்கிக்கு இரையாகியிருந்தனர். இரண்டாமவர் ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் பணிபுரிந்தவர். காரிலே காதலியும் அவருடைய நான்கு வயதுக் குழந்தையும் உடனிருக்கையில் சுடப்பட்டார். கோடை விடுமுறை முடிந்து திரும்பிய அந்தப் பள்ளிப் பிள்ளைகள், உணவுத் தட்டை ஏந்தியபடி எவர் முகத்தைத் தேடியிருப்பர் என்று, பள்ளியிலே பணிபுரியும் நமக்கு எண்ணத் தோன்றுகிறது.

முதலில் கேப்பர்னிக் மண்டியிடவில்லை; பெஞ்சியில் அமர்ந்தே இருந்தார். ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் இதழ்கள் இதைக் கண்டு கூச்சலிட்டன. அப்போது நேட் பாயர் என்பார், முன்னாள் படைவீரர், தாமும் சிறிது காலம் அவ்வாட்டம் ஆடியவர், கேப்பர்னிக்குக்குத் திறந்த மடல் ஒன்று வரைந்தார். இருவரும் சந்தித்தனர். அமர்ந்திருப்பதைவிட மண்டியிடுவது மேல், மாண்ட தோழனின் கல்லறைமுன் படைவீரன் மண்டியிடுவான் அல்லவா என்றார் பாயர். ஒப்பினார் கேப்பர்னிக். ‘படைவீரரைப் பழித்தான்! பழித்தான்!’ என்று பின்னர் முழங்கினரே, அந்த மண்டியிடுதலே ஒரு படைவீரர் தந்த யோசனை! அறியாமல் முழங்கியோரை மன்னிக்கலாம். அறிந்தும் முழங்கியோரை என்னென்பது?

அவர் செய்த அனைத்தும் அழகு என்று நாம் கூறவில்லை. பயிற்சியின்போது, காவலரைப் பன்றியாகத் தீட்டிய காலுறை அணிந்திருந்தார். சில காவலரைப் பற்றியது அது என்று விளக்கமும் தந்தார். விளக்கம் தேவைப்படும் காலுறையை அணியாதிருந்திருக்கலாம் என்பது நம் கருத்து. நிறம் பார்த்து மனிதனை விலங்காக்குவோரை எதிர்ப்பவர், உடுப்பைப் பார்த்து மனிதனை விலங்காக்குதல் ஆகாது. மறுபுறம், ஒடுக்கப்பட்டோருக்காகப் பாடுபடும் அமைப்புகளுக்குப் 10 இலட்சம் டாலர் தருவேன் என்று கூறி, கூறியபடி தந்தும் முடித்தார். காலுறையைப் பற்றி எழுதிய பேனாக்களுக்கு இதை எழுத மை போதவில்லை போலும்!

பின் நடந்ததைச் சுருங்கக் கூறுவோம். 2017 மார்ச்சில் ஒப்பந்தம் முடித்து வெளியேறினார். அந்நாட்டில் உள்ளவை 32 அணிகள். ஒன்றுகூட அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் அலபாமா மாநிலத்துக் கூட்டமொன்றில், குடியரசுத் தலைவர் டிரம்ப், மண்டியிடுவோரைப் பெற்ற தாயைப் பழிக்கும் சொல்லால் ஏசி, அத்தகையோரை அணி முதலாளிகள் வேலையினின்று விரட்ட வேண்டும் என்றார். அடுத்த ஞாயிறன்று இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் மண்டியிட்டனர் அல்லது அமர்ந்தனர். 2018 மே திங்களில் சங்கத்தார் விதியொன்று செய்தனர்: திடலில் இருப்போர் எழுந்து நிற்கவேண்டும், நில்லாதவர் உள்ளறையிலேயே இருந்துவிடலாம், மீறினால் அணிக்கு அபராதம்! ஆட்டக்காரர் சங்கம் எதிர்க்கவே, ஜூலையில் அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது.

பின்னர் 2020 மே 25. மினியாபொலிஸ் நகரத் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கருப்பரின் கழுத்தின்மீது, ஒரு காவலரின் முழங்கால் ஒன்பது நிமிடத்திற்கு மேல் அழுந்தியிருந்தது. அவர் மாண்டார். முழங்கால்! தரையில் ஊன்றிய முழங்காலைக் கண்டு கொதித்தோர், கழுத்தில் ஊன்றிய முழங்காலைக் கண்டபோதுதான் தரையில் ஊன்றியவன் எதைச் சொல்ல முயன்றான் என்று கேட்கலாயினர். ஜூன் 5ஆம் நாள் கால்பந்துச் சங்கத் தலைவர் குட்டெல், ஆட்டக்காரர் சொன்னதை முன்பே செவிமடுக்காதது தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்த அறிக்கையில் கேப்பர்னிக்கின் பெயர் இல்லை. அவருக்கு ஆட இடமும் அதன் பின்னர் கிடைக்கவில்லை.

இந்நிகழ்ச்சியை முன்வைத்து எழுப்பப்பட்ட கேள்விகள் பல. ‘விளையாட்டுத் திடலில் அரசியல் எதற்கு?’ என்பது முதற் கேள்வி. கேட்பதற்கு நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் நாம் திருப்பிக் கேட்கிறோம்: விளையாட்டுத் திடலுக்குள் நாட்டுப்பண்ணை அழைத்து வந்தவர் யார்? பந்துக்கும் பண்ணுக்கும் என்ன உறவு? முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1918இல், சிகாகோ நகரில் நடந்த பேஸ்பால் போட்டியில் இடைவேளையிலே இசைக்குழு அப்பாடலை முழக்க, மக்கள் மகிழ்ந்தனர். பழக்கம் வேரூன்றத் தொடங்கியது. அப்பாடல் நாட்டுப்பண் எனச் சட்டப்படி ஆனதே 1931இல்தான். அண்மைக் காலத்திலோ, வீரவணக்கக் காட்சிகளுக்கு விலையும் கொடுக்கப்பட்டது! அந்நாட்டுச் செனட்டர்கள் மெக்கெய்ன், ஃபிளேக் இருவரும் 2015 நவம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, படைவீரரைப் போற்றும் நிகழ்ச்சிகளை நடத்த விளையாட்டு அணிகளுக்குப் பாதுகாப்புத் துறை 68 இலட்சம் டாலர் வரை கொடுத்ததை அம்பலப்படுத்தியது. பணம் பெற்றுக்கொண்டு கொடி பிடித்தால் அது நாட்டுப்பற்று. பணத்தை இழந்து மண்டியிட்டால் அது அரசியல்! நன்று, நன்று!

‘கோடி கோடியாகப் பொருள் ஈட்டுபவனுக்கு என்ன குறை?’ என்பது இன்னொரு கேள்வி. தனக்குக் குறை என்று அவர் சொல்லவே இல்லையே. தன் வயிறு நிறைந்தபின் பிறர் பசியைப் பற்றிப் பேசக்கூடாது என்பது எந்த ஊர் நீதி?

இவை எளிய கேள்விகள். கடினமான கேள்வி வேறு. கொடிக்கு வணக்கம் செலுத்து என்று ஒரு நாடு தன் குடிமகனைக் கட்டாயப்படுத்தலாமா? கட்டாயப்படுத்திப் பெறுவது வணக்கம்தானா?

நாம் வகுப்பினுள் நுழைகிறோம். ஐம்பது பிள்ளைகள் எழுகின்றனர். எவர் அன்பால் எழுந்தார், எவர் அச்சத்தால் எழுந்தார், எவர் பக்கத்திலிருப்பவன் எழுந்தான் என்பதற்காக எழுந்தார் என்பதை அறிய நமக்கு வழியே இல்லை. மாலையிலே சந்தைத் தெருவில் நடக்கிறோம். எப்போதோ நம்மிடம் படித்த இளைஞன் ஒருவன் வண்டியை நிறுத்தி, இறங்கி, வணக்கம் ஐயா என்கிறான். அவன் நிறுத்தாமலே போயிருக்கலாம். போயிருந்தால் எவரும் கேட்கப் போவதில்லை. ஆகவேதான் அந்த வணக்கத்தை நாம் வீடுவரை எடுத்துச் செல்கிறோம். காலையில் கிடைத்த ஐம்பதை வகுப்பறை வாயிலிலேயே மறந்துவிடுகிறோம்.

அமெரிக்கப் பள்ளிகளே இதற்கு நல்ல பாடம் தருகின்றன. யெகோவாவின் சாட்சிகள் என்றொரு கிறித்தவப் பிரிவினர். கடவுளுக்கன்றிக் கொடிக்கு வணக்கம் செலுத்தோம் என்பது அவர் கோட்பாடு. பென்சில்வேனியாவில் அப்பிரிவைச் சார்ந்த இரு பிள்ளைகள் கொடி வணக்கம் செய்ய மறுத்துப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறிற்று. 1940இல் எட்டு நீதிபதிகள் பள்ளியின் பக்கம் நின்றனர்; நீதிபதி ஸ்டோன் ஒருவர் மட்டும் பிள்ளைகளின் பக்கம் நின்றார். தீர்ப்பு வந்ததும் என்ன ஆயிற்று? நீதிமன்றமே சொல்லிவிட்டது என்ற துணிவில், கும்பல்கள் கிளம்பின. மெய்ன் மாநிலத்தில் அவர்தம் மன்றத்தைக் கொளுத்தினர். மேற்கு வர்ஜீனியாவில் அவர்களைப் பிடித்து விளக்கெண்ணெய் குடிக்கச் செய்தனர். நாட்டுப்பற்று, பாருங்கள், தீவட்டியும் எண்ணெய்ப் புட்டியுமாக நடந்து வந்தது!

இன்னொன்றும் அறியத்தக்கது. அந்நாளில் கொடி வணக்கம் என்பது கையை முன்னே நீட்டிச் செய்வது. பெர்லினில் இட்லர் கூட்டத்தார் செய்த வணக்கத்தை அது அச்சாக ஒத்திருந்தது. இட்லரோடு போர் மூண்டபின் நாணம் வந்தது; 1942 டிசம்பரில் நெஞ்சிலே கை வைப்பதாக மாற்றிக்கொண்டனர். நீட்டிய கை இறங்கியது. ஆனால் நீட்டச் சொன்ன கட்டாயம் இறங்கவில்லை. மேற்கு வர்ஜீனியாவில், வணங்க மறுக்கும் பிள்ளைகளைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவோம், பெற்றோர்மீது வழக்குத் தொடுப்போம் என்று மிரட்டினர். பார்னெட் வழக்கு எனப்படும் அவ்வழக்கில், 1943 ஜூன் 14ஆம் நாள், அந்நாட்டுக் கொடி நாளன்றே, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே கவிழ்த்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். நாட்டுப்பற்றிலாயினும் சமயத்திலாயினும், இன்னதுதான் நம்பத்தக்கது என்று வகுத்து, அதை மனிதனின் வாயால் சொல்லவைக்கும் அதிகாரம் எந்தச் சிறிய, பெரிய அதிகாரிக்கும் கிடையாது என்பது அதன் சாரம். அப்போது போர் உச்சத்தில் இருந்தது என்பதை மறவாதீர். அமெரிக்க இளைஞர் அக்கொடியின்கீழ் மாண்டுகொண்டிருந்த நாளிலே, அக்கொடிக்கு வணக்கம் செலுத்த மறுக்கும் சிறுவனுக்கு இடமளித்தது அந்த நீதிமன்றம்.

சாட்சிகளின் நம்பிக்கை நமக்கு உடன்பாடன்று. அவர் வணங்கும் கடவுளையும் நாம் வணங்குவதில்லை. ஆயினும், எதையும் வணங்க மறுக்கும் உரிமையை நாத்திகருக்கும் சேர்த்துப் பெற்றுத் தந்தவர் அந்தக் கடவுட் பற்றாளரின் பிள்ளைகள். நன்றி கூறவே வேண்டும்.

ஆக, அமெரிக்க அரசு கேப்பர்னிக்கைச் சிறையிட முடியாது. இடவுமில்லை. அப்படியானால் பேச்சுரிமை காக்கப்பட்டதா? காக்கப்பட்டது என்பர் சட்டம் கற்றோர். அந்நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டும். முதலாளியின் கையைக் கட்டாது. வேலை கொடுப்பதும் மறுப்பதும் முதலாளியின் விருப்பம். சட்டப்படி சரி. இங்கேதான் நம் மனம் அமைதி கொள்ள மறுக்கிறது.

கல்லூரியிலே மில் எழுதிய ‘சுதந்திரம் பற்றி’ என்னும் 1859ஆம் ஆண்டு நூலைப் பாடமாகப் படித்தோம். தேர்வுக்குப் படித்தபோது விளங்காத ஒன்று, கேப்பர்னிக்கின் கதையைப் படித்தபோது விளங்கிற்று. அரசின் கொடுமையைவிடச் சமூகத்தின் கொடுமை கடியது, அதற்குத் தப்ப வழி குறைவு என்கிறார் மில். உழைத்து உண்ணவேண்டிய மனிதனுக்கு, பிழைப்பை மறுப்பதும் சிறையில் அடைப்பதும் ஏறத்தாழ ஒன்றே என்பது அவர் கருத்து. சிறைக்கதவு திறந்திருக்கிறது, அடுப்பு மட்டும் அணைந்திருக்கிறது என்றால், அவன் விடுதலை பெற்றவனா?

முதலாளிகள் கூறுவதையும் கேட்போம். ஆட்டத்திறன் குறைந்ததால் எடுக்கவில்லை என்றனர். 2016இல் அவரது அணி ஆடிய 16 ஆட்டங்களில் வென்றவை இரண்டே என்பது உண்மை. 2013 பிப்ரவரியில் நாட்டின் உயர்ந்த இறுதிப் போட்டிவரை அவ்வணியை இட்டுச் சென்றவர் அவரே என்பதும் உண்மை. 32 முதலாளிகளும் கூடிப் பேசித் தம்மை ஒதுக்கினர் என்று 2017 அக்டோபரில் அவர் முறையீடு செய்தார். 2019 பிப்ரவரியில் சமரசம் ஏற்பட்டது. தொகை எவ்வளவு என்று வெளியிடவில்லை. தீர்ப்பு இல்லை, எனவே கூடிப் பேசினர் என்று நாமும் தீர்ப்புக் கூறோம். ஆனால் வெல்லும் வழக்குக்கு எவரும் வாய்மூடப் பணம் கொடுப்பதில்லை என்று ஐயுறும் உரிமை நமக்கு உண்டு.

அடுப்பை அணைக்கும் இந்த முறை புதிதுமன்று. 1996இல் மஹ்மூத் அப்துல் ரவூஃப் என்னும் கூடைப்பந்து வீரர் நாட்டுப்பண்ணுக்கு எழ மறுத்தார். ஓர் ஆட்டத்திற்கு விலக்கிவைத்தனர். பின்னர், எழுந்து நின்று தலைகுனிந்து தம் தொழுகையைச் சொல்லிக்கொள்வது என்று உடன்பாடு கண்டனர். உடன்பாடு ஏற்பட்டது, ஆட்ட வாழ்க்கை தேய்ந்தது. அதற்கும் முன்னே ஜாக்கி ராபின்சன். வெள்ளையர் மட்டுமே ஆடிய பேஸ்பால் அணிகளுக்குள் 1947இல் நுழைந்த கருப்பர். இரண்டாம் உலகப்போரில் படை அதிகாரியாக இருந்தவர். பேருந்தின் பின்பகுதிக்குப் போக மறுத்ததற்காக 1944இல் படைநீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என விடுதலையானவர். புகழின் உச்சியைக் கண்ட அந்த மனிதர், தாம் மறைந்த 1972ஆம் ஆண்டில் வெளிவந்த தன்வரலாற்றில், நாட்டுப்பண்ணை எழுந்து நின்று பாடத் தம்மால் இயலவில்லை என்று எழுதிவைத்தார். அவரைக் கொண்டாட நாள் குறித்துள்ளனர். அந்த நாளிலே ஆட்டக்காரர் அனைவரும் அவருடைய 42ஆம் எண்ணை அணிகின்றனர். அவர் எழுதிய அந்தப் பக்கத்தை அன்று எவரேனும் உரக்கப் படிப்பாரா?

1968ஆம் ஆண்டு மெக்சிகோ நகர ஒலிம்பிக்கைக் கூறாமல் இப்பேச்சு முடியாது. அக்டோபர் 16. 200 மீட்டர் ஓட்டத்தில் 19.83 விநாடியில் உலகச் சாதனை படைத்தார் டாமி ஸ்மித். மூன்றாமவர் ஜான் கார்லோஸ். இருவரும் அமெரிக்கக் கருப்பர். காலணி இன்றி, கருப்புக் காலுறையோடு மேடை ஏறினர். தம் மக்களின் வறுமைக்கு அது அடையாளம். பண் ஒலிக்கையில் கருப்புக் கையுறை அணிந்த கைகளை முட்டியாக்கி உயர்த்தினர். கார்லோஸ் தம் கையுறையை மறந்து வந்ததால், ஒரு சோடியையே ஆளுக்கொன்றாக அணிந்தனர். அந்த யோசனையைத் தந்தவர் இரண்டாம் இடம் பெற்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன், வெள்ளையர். மனித உரிமைச் சின்னத்தைத் தாமும் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றார் அவர். ஒலிம்பிக் தலைவர் பிரண்டேஜ் சீறினார். அமெரிக்கர் இருவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். விளையாட்டில் அரசியல் கூடாதாம்! 1936இல் இட்லரின் பெர்லின் ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கக்கூடாது என்று அமெரிக்காவில் முன்நின்று வாதாடியவரும் இதே பிரண்டேஜ்தான்.

அதே ஒலிம்பிக்கில் வேறொரு மேடை. செக்கோஸ்லோவாகிய நாட்டு உடற்பயிற்சி வீராங்கனை வேரா சாஸ்லாவ்ஸ்கா. இரண்டு திங்களுக்கு முன்புதான் சோவியத் டாங்கிகள் அவர் நாட்டினுள் புகுந்திருந்தன. சோவியத் நாட்டுப்பண் ஒலித்தபோது அவர் தலையைத் தாழ்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்காகப் பின்னர் தம் நாட்டு ஆட்சியாளரால் ஒதுக்கப்பட்டார். நாம் கேட்பது இதுதான்: ஸ்மித்தைப் போற்றிய கைகள் வேராவுக்கும் தட்டினவா? வேராவுக்காகக் கண்ணீர் விட்ட கண்கள் ஸ்மித்தையும் நீரோடு நோக்கினவா? இடத்தைப் பார்த்து இரண்டு படிக்கல் வைத்துக்கொள்வது வணிகனுக்குக் குற்றம் என்கிறோம். கொள்கை பேசுவோருக்கு மட்டும் அது குற்றமாகாதா?

இந்தக் கேள்வி நம்மையும் விடாது. 2020 ஜூலை 31ஆம் நாள், அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றில், இரு அணியினரும் ஃபிளாய்டின் நினைவோடு மண்டியிட்டனர். ஜானதன் ஐசக் என்னும் கருப்பின ஆட்டக்காரர் ஒருவர் மட்டும் எழுந்து நின்றார். சமயப்பற்றே தம் காரணம் என்றார். நமக்கு அந்தக் காரணம் ஏற்புடையதன்று. கூட இருந்து மண்டியிட்டிருப்போம் நாம். ஆனால் அவரை ஏசியோர் பக்கம் நாம் நிற்க முடியுமா? 2016இல் மண்டியிட்ட ஒருவருக்காக வாதாடிவிட்டு, 2020இல் மண்டியிடாத ஒருவரைத் துரத்தினால், நாம் காத்தது மனச்சான்றையா, முழங்காலையா?

ஏசுவது வேறு, எதிர்த்துப் பேசுவது வேறு என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும். கேப்பர்னிக்கை நோக்கிக் கூவிய பார்வையாளர், அவர் பெயர் பொறித்த சட்டையைக் கொளுத்தியவர், தொலைக்காட்சியை அணைத்தவர், எல்லோரும் தம் உரிமையைத்தான் பயன்படுத்தினர். பெண்ணுரிமைக்காகப் போராடிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கே 2016 அக்டோபரில் அச்செயலை அறிவற்றது, மரியாதையற்றது என்றார். ஆயினும் அதற்காகச் சிறையிட மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார். சில நாளில், ஆராயாமல் பேசிவிட்டேன் என்று வருந்தவும் செய்தார். இதுவே நாகரிகம். கருத்துக்குக் கருத்து. கருத்துக்குப் பட்டினி என்று வரும்போதுதான், அதிலும் நாட்டின் தலைவரே ‘விரட்டுங்கள்’ என்று முதலாளிக்குத் தூண்டுதல் தரும்போதுதான், எல்லை மீறப்படுகிறது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். வராமல் இருந்தால் எளிது. ஆனால் வந்தாக வேண்டும். 2018 சனவரியில், சென்னையில் நடந்த நூல் வெளியீட்டு விழாவில், தமிழ்த்தாய் வாழ்த்து ஒலித்தபோது மடாதிபதி ஒருவர் எழாமல் அமர்ந்திருந்தார். நாட்டுப்பண்ணுக்கு மட்டும் எழுந்தார். நாம் அப்போது கல்லூரி மாணவர். குருதி கொதித்தது. விடுதி நண்பர்களோடு கண்டன முழக்கம் எழுப்பினோம். மன்னிப்புக் கேள் என்றோம். கேட்க வைக்க வேண்டும் என்றோம். இன்று அந்தக் கொதிப்பைத் திரும்பப் பார்க்கிறோம். தமிழை இரண்டாம் இடத்தில் வைக்கும் மனப்பான்மையைக் கண்டித்தது சரியே, இன்றும் கண்டிப்போம். ஆனால் ‘எழவைக்க வேண்டும்’ என்றோமே, அந்தச் சொல் மட்டும் உறுத்துகிறது. அலபாமாக் கூட்டத்தில் கேட்ட குரலுக்கும் அந்த நம் குரலுக்கும் எத்தனை அடி தொலைவு?

2021 டிசம்பரில், தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்கவேண்டும் என்று சட்டமோ ஆணையோ இல்லை என உயர் நீதிமன்றம் கூறிற்று. உடனே, அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்கவேண்டும் எனத் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. மாநிலப் பாடலாக்கியதைக் கேட்டு மகிழ்ந்தோம். பாடல் தொடங்கினால் நம் கால்கள் தாமே எழும். எவர் ஆணையும் அதற்குத் தேவையில்லை. ஆணையின் இரண்டாம் பகுதி நமக்குத் தேவையில்லாதது. தோழர்கள் சிலர் இதற்காக நம்மைக் கடிந்து எழுதக்கூடும். எழுதட்டும்.

திரையரங்குகளில் படம் தொடங்குமுன் நாட்டுப்பண் ஒலிக்கவேண்டும், அனைவரும் எழவேண்டும் என்று 2016 நவம்பர் 30ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், எழாதவர்மீது சென்னையிலேயே வழக்குகள் பாய்ந்ததும், 2018 சனவரி 9ஆம் நாள் அதே நீதிமன்றம் திரையரங்கின் விருப்பத்துக்கு விட்டதும் நினைவிருக்கும். ஆனால் அதே நீதிமன்றம் 1986 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பைப் பலர் அறியார். கேரளத்தில் மூன்று பிள்ளைகள், அவர்களும் யெகோவாவின் சாட்சிகள், நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நின்றனர். வாய் திறந்து பாடவில்லை. 1985இல் பள்ளி அவர்களை வெளியேற்றியது. பாடியே தீரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள் என்றார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. பார்னெட் வழக்கையும் அத்தீர்ப்பு எடுத்துப் பேசுகிறது.

நாம் பணிபுரியும் பள்ளியில் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்தும், நாட்டுப்பண்ணும் பாடப்படுகின்றன. பிள்ளைகள் வரிசையில் நிற்கின்றனர். நாமும் நிற்கிறோம், விருப்பத்தோடுதான். இதுவரை எந்தப் பிள்ளையும் மறுத்ததில்லை. ஒரு நாள் ஒரு பிள்ளை மறுத்தால் என்ன செய்வோம் என்று நம்மையே கேட்டுப் பார்த்தோம். பிரம்பை எடுக்கமாட்டோம். மற்றப் பிள்ளைகள் முன் நிறுத்தி நாணச் செய்யமாட்டோம். ஏன் என்று தனியே கேட்போம். சொன்னால் செவிமடுப்போம், சொல்ல விரும்பாவிட்டால் வகுப்புக்குப் போ என்போம். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வரக்கூடும். கைக்கு வருவது ஒரு சம்பளம், அதை நம்பியிருப்போர் வீட்டில் நால்வர். எனவே இதை எழுதும்போது கை சற்று நடுங்குகிறது என்பதை மறைக்கவில்லை. கேரளப் பிள்ளைகள் பாடவில்லையே தவிர எழுந்து நின்றனர்; நில்லாத பிள்ளைக்கு அத்தீர்ப்பு எவ்வளவு துணை செய்யும் என்பது வழக்கறிஞர் வாதிட வேண்டியது. இருந்தாலும், அதன் படியொன்றை எடுத்து நம் மேசையறையில் வைத்திருக்கிறோம்.